சுவரைத் திருப்பித் தரும் தேதி

4.11.1979, ஞாயிறு. நேற்று எழுதியதில் ஒரு தப்பு. கரும்பலகை ஏழு என்று எழுதியிருந்தேன். எட்டு. ரயில்வே கேட்டைத் தாண்டி உப்பு மண்டிச் சுவரில் ஒன்று இருப்பதை இன்றுதான் பார்த்தேன். எப்படி விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை. இனிமேல் நடந்து பார்த்து எண்ணிய பிறகுதான் எழுத வேண்டும்.

கமலவேணி பேனாவை மூடி வைத்துவிட்டு எழுதியதை இன்னொரு தரம் படித்தாள். ஏழு சுவருக்கும் கரி அரைத்தவள் அவள்தான். தான் அரைத்துப் பூசிய சுவரையே ஒருத்தி மறந்துபோவாளா? போவாள், ஏன் போகமாட்டாள், போன மாசம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து காஜா எடுக்கவில்லையா. எங்கே பிசகு நடந்தாலும் முதலில் தன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கிற சுபாவம் அவளுக்கு. தையல் கடையிலிருந்து வரும் சட்டைகளுக்குக்கூட, காஜா எடுத்து முடித்ததும் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் பார்த்துத்தான் மடிப்பாள்.

அந்த வருஷம் தை மாதம், பாண்டிச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சில் ஊர் கொதித்துக் கிடந்தது. கடைகள் மூடின, பஸ் நின்றது. முதலியார்பேட்டையில் சேரக் கூடாது என்று கத்தினவனைப் பிடித்து, இத்தனை நாள் ஏன் தனியாக இருந்தோம் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. சேர்ந்தால் என்ன என்றவனுக்கும் தெரியவில்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் சக்கரபாணி ஒரு வகுப்பு ஆரம்பித்தான். மின்சார ஆபீசில் பில் வாங்கும் கவுண்டரில் உட்காருகிறவன். வயது முப்பது. ஆரம்பப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் வாரத்தில் மூன்று சாயங்காலம். ஊர்ச் சரித்திர வகுப்பு என்று பேர். சம்பளம் கிடையாது. சேர்ந்தவர்கள் கமலவேணி என்ற வேணியோடு ஆறு பேர். ஆளுக்கு ஒரு நோட்டில் தினமும் நடந்ததை எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டாயம். மற்ற ஐந்து பேரும் பங்குனிக்குள் எழுதுவதை விட்டுவிட்டார்கள்.

ஆறு பேருக்குச் சொல்வதைத் தெருவுக்குச் சொன்னால் என்ன என்ற யோசனை சித்திரையில் வந்தது. முதல் சுவர், மில் ரோட்டில் சாயங்காலம் வடை போடும் குஞ்சம்மாளுடையது. பெயின்ட் வாங்க வழியில்லை. ஊமத்தை இலையையும் கொட்டாங்கச்சிக் கரியையும் சேர்த்து அரைத்துப் பூசினால் சுவர் சிலேட்டு மாதிரி ஆகிவிடும் என்று வேணி சொன்னாள். சொன்னதற்குத் தண்டனையாக அரைக்கிற வேலை அவளுக்கே வந்தது. வீட்டு அம்மியில் வைத்ததும் அண்ணி அஞ்சலாட்சி பதறிப்போய் வந்து தடுத்தாள்.

"ஊமத்தையக் கொண்டாந்து அம்மியில வைக்கிறியே, குடும்பத்தோட பைத்தியம் புடிச்சி அலையவா? சரித்திரத்தப் பின்னால போய் அரச்சிக்க."

கொல்லையில் முருங்கை மரத்தடியில் பாதியாக உடைந்த பழைய அம்மி ஒன்று கிடந்தது. அன்றிலிருந்து அது சரித்திரக் கல் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாடம். பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்கால், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி வந்த கதை, இந்தியாவோடு சேரக் கீழூரில் ஓட்டுப் போட்டது, இப்படி. கீழே ஒரு முழம் காலியாக விட்டு ஒரு துண்டு சாக்கட்டியையும் வைத்துவிடுவார்கள். ஜனங்கள் கேள்வி எழுதலாம். முதல் மாசம், 'வடை ஏன் சிறுத்துப்போச்சு' என்றுதான் எழுதியிருந்தது. ஆடியில், 'என் தாத்தாவை சைகோனுக்குக் கூட்டிப்போனது யார்' என்று யாரோ எழுதினார்கள். அதற்குப் பதில் தேடவே இரண்டு வாரம் பிடித்தது. அந்தப் பதிலுக்கு வந்த கூட்டத்தில்தான் அடுத்த தெருக்காரர்கள் எங்களுக்கும் ஒரு பலகை வேண்டும் என்றார்கள். ஐப்பசிக்குள் ஏழு.

பலகை வளர வளர சந்தேகமும் கூடவே வளர்ந்தது.

"ஏன்டா சக்கரபாணி, காசு வாங்காம எவனாச்சும் பாடம் சொல்லுவானா? எவன் குடுக்கிறான் ஒனக்கு?" என்று குஞ்சம்மாள் எண்ணெய்க்கரண்டியை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

"தெரியலக்கா. நானும் அவனத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"சிரிக்காத. பிரான்ஸ்காரன் குடுக்கிறானாமே. பலகையப் படிச்சவங்க பேரெல்லாம் எழுதிக்கினு போயி நேஷனாலிட்டி குடுக்கப் போறானாமே."

"அப்ப ஒன் பேரத்தான் மொதல்ல எழுதுவான். சுவரு குடுத்தவ."

குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. அப்படியும் இருக்குமோ என்று ஒரு வாரம் யோசித்தாள். ஒரு போலீஸ்காரர் வந்து வாய்க்கால் பாடத்தை முழுசாகக் காப்பி எழுதிக்கொண்டு போனார். கேட்டதற்கு மேலிடம் என்றார். அடுத்த வாரம் அவரே வந்து, இந்த வாரம் என்ன பாடம் என்று கேட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் சுவரைப் பற்றியது. தேர்தல் வருகிறதென்றால் கட்சிக்காரர்கள் ஆறு மாசம் முன்னாலேயே சுவர் பிடித்துவிடுவார்கள். வெள்ளையடித்து மூலையில் கட்சிப் பேரையும் வருஷத்தையும் சின்னதாக எழுதிவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது. வேறொருவன் தொட்டால் அடிதடி. சட்டசபை கலைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, டில்லியிலும் கலைத்துவிட்டார்கள், தேர்தல் எந்நேரமும் வரலாம். அந்த நேரத்தில் மூலையில் ஒரு பேரும் இல்லாமல் கறுப்புக் கறுப்பாகச் சதுரங்கள் முளைத்தால் யார்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? இந்தக் கட்சி அந்தக் கட்சியின் வேலை என்றது. அந்தக் கட்சி இந்தக் கட்சியின் வேலை என்றது. சரித்திரப் பாடத்தின் மேல் கைவைத்தால் தெரு சண்டைக்கு வரும் என்பதால் இருவரும் தொடாமல் விட்டிருந்தார்கள்.

அதில் நடுவில் மாட்டிக்கொண்டது வேணியின் அண்ணன் கோவிந்தராசு. ஆறு வருஷமாக மில்லில் பதிலி ஆள். சங்கு ஊதுவதற்கு முன்னால் போய் கேட்டில் நிற்க வேண்டும். வராதவன் இடத்துக்கு உள்ளே கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் சோற்றுத் தூக்கைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டிலேயே உட்கார்ந்து தின்ன வேண்டும். பஞ்சு ஒட்டாத தலையோடு அவன் வந்தால் அஞ்சலாட்சி ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து வைப்பாள். கார்த்திகையில் ஒரு பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டப் போகிறார்கள், அதுதான் கடைசி என்று பேச்சு. லிஸ்டில் யார் பேர் என்பது பாதி மில் கையில், பாதி ஒரு கட்சியோடு ஒட்டிய மில் சங்கத்துச் செயலாளர் நாராயணசாமி கையில்.

அஞ்சலாட்சிக்கு ஏழு மாசம். வளைகாப்புக்கு வந்திருந்த அவள் அப்பா, மூலக்குளத்துக்கு அப்பால் நிலம் வைத்திருப்பவர், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் போனார். "பிரசவத்துக்குப் பொண்ண நான் கூட்டிப்போறேன். மாப்ளைக்கு வேலை நெலைக்கட்டும், அப்புறமா அனுப்பறேன். அவசரம் ஒண்ணுமில்ல." அவசரம் ஒன்றுமில்லை என்ற வார்த்தை அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பேசாத வார்த்தையாகிவிட்டது. கோவிந்தராசு தினமும் தங்கையைக் கேட்டான். "ஒன் பலகைய எந்தக் கட்சின்னு கேக்கறாங்க வேணி. நான் என்னான்னு சொல்லட்டும்?"

திங்கட்கிழமை வகுப்பில் வேணி உப்பு மண்டிச் சுவரைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே, நான் மறந்துபோனதுதானே என்று முடித்தாள்.

"நீ மறக்கல," என்றான் சக்கரபாணி. "நான் அங்க பலகையே போடல."

யாரும் போடவில்லை. இராமதாஸ் என்ற கூட்டுறவுக் கடைப் பையன், பலகை எழுதுவதில் அவளுக்கு ஜோடி, அன்றே சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "நம்ம பாடமேதான். நேத்து நாம எழுதனது இன்னிக்கு அங்க இருக்குது. எழுத்துதான் கோழி கெளறன மாதிரி." வேணியைப் பார்த்தான். "கறுப்பு நம்ம கறுப்பு. பெயின்ட் இல்ல. மோந்து பார்த்தேன்."

"ஊமத்தை எல்லா வேலியிலயும் கெடக்குது," என்றாள் வேணி.

"கெடக்குது. அரைக்கத் தெரிஞ்சவங்க யாரு?"

வேணிக்கு முகம் சுட்டது. தான் அரைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் அவன் பார்த்த பார்வையில், அரைத்திருப்போமோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

அடுத்த வாரம் முழுக்க மழை. கடல் பக்கமிருந்து இறங்கி, நின்று, மறுபடி இறங்கியது. தையல் கடையிலிருந்து துணி வரவில்லை. வேணி குடையோடு நடந்து பலகைகளை எண்ணினாள். பதினொன்று. அவர்களுடையது ஏழு, தெரியாதவை நான்கு. மழைக்கு எல்லாப் பலகையிலும் சாக்கட்டி கரைந்து ஓடியிருந்தது. அவர்களுடைய ஏழு வெளுத்துச் சாம்பல் நிறமாகி அடியில் பழைய சுவர் தெரிந்தது. அந்த நான்கிலும் கரி கரைந்த இடத்தில் வெள்ளை தெரிந்தது. புதுச் சுண்ணாம்பு. முதலில் வெள்ளையடித்து, அதன் மேல் கறுப்புப் பூசியிருக்கிறார்கள். வகுப்புப் பிள்ளைகள் யாரும் அப்படிச் செய்ததில்லை. சுவர் பிடிக்கிறவர்கள்தான் முதலில் வெள்ளையடிப்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் குஞ்சம்மாளின் தார்ப்பாய்க்குக் கீழே நாராயணசாமி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் வடை. இத்தனை நாள் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் பார்க்கிறவர்.

"வாம்மா. கோவிந்தராசு தங்கச்சிதானே? இந்தா, ஒரு வடை தின்னு. குஞ்சம்மா, குடு."

"வேணாங்க."

"நல்ல காரியம் செய்யிறீங்க. ஊரு பூரா பலகை. இன்னும் நாலு தெருவுல போடுங்க. எவனாச்சும் கேட்டா எங்கிட்ட சொல்லு."

அவர் போன பிறகு குஞ்சம்மாள் மெதுவாகச் சொன்னாள். "போன மாசம் இந்தப் பலகைய உடைக்கணும்னு சொன்ன வாயி அது. இப்ப வடை வாங்கிக் குடுக்குது. பார்த்து நட."

வேணி நேராகக் கொல்லைக்குப் போனாள். முருங்கையடியில் உடைந்த அம்மி கிடந்தது. மழைத் தண்ணீர் குழியில் தேங்கி நின்றது. அதன் ஓரத்தில் பச்சையும் கறுப்புமாக விழுது ஒட்டியிருந்தது. அவள் கடைசியாக அரைத்தது புரட்டாசியில். விரலால் தொட்டாள். வழுக்கியது. கல்லுக்குப் பின்னால் ஊமத்தைக் காம்புகள், இன்னும் வாடாமல்.

அன்றைக்குக் கோவிந்தராசுவுக்கு அரை ஷிப்ட் கிடைத்திருந்தது. பஞ்சுத் தலையோடு வந்து, கால் கழுவி, மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். அஞ்சலாட்சி அடுப்படியில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வேணி அவன் நகங்களையே பார்த்தாள்.

"ண்ணா, பின்னால கல்லு ஈரமா இருக்குது."

"மழை பெய்யிது. காயுமா?"

"நீ அரச்சியா?"

அவன் ஒரு வாய் சோற்றை விழுங்கினான். "மொச்சை வேகல," என்றான்.

"வெந்துதான் இருக்குது," என்றாள் அஞ்சலாட்சி. "கேக்கறா இல்ல, சொல்லுங்க. எத்தினி நாளு நானும் மூடி வைக்கிறது?"

அண்ணிக்கும் தெரியும். வேணிக்கு அதுதான் முதலில் உறைத்தது.

"நாராயணசாமிண்ணன் கூப்பிட்டாரு," என்றான் கோவிந்தராசு, தட்டைப் பார்த்துக்கொண்டே. "ஒன் தங்கச்சி அந்தப் பக்கமாமேன்னு கேட்டாரு. எந்தப் பக்கமும் இல்லண்ணே, சரித்திரம்னேன். சரித்திரம்னா எல்லாத் தெருவுலயும் போடலாமேன்னாரு. நாலு எடம் சொன்னாரு. வெள்ளையடிச்சி மேல ஒங்க கறுப்பப் பூசி பாடத்த எழுதிடு, எவனும் தொடமாட்டான். தேர்தல் வந்தா மேல அடிச்சிக்கலாம். லிஸ்டப் பத்தி நான் பார்த்துக்கிறேன்னாரு."

"சுவரு புடிச்சியா? எங்க பலகைய வச்சி?"

"பலகையத்தானே போட்டேன். பாடத்தத்தானே எழுதனேன். ஒரு எழுத்து மாத்தல. விடியக்காலம் கேட்டுக்குப் போற வழியில ஒங்க பலகையப் பார்த்து எழுதிக்கினு போய் அங்க எழுதுவேன். ஜனங்க நின்னு படிக்கிறாங்க வேணி. உப்பு மண்டிகிட்ட ஒரு ஆளு, அடுத்த பாடம் எப்பன்னு என்னக் கேட்டாரு."

"அந்த நாலோட நின்னுதா?"

அவன் மொச்சையை ஓரமாக ஒதுக்கினான். அஞ்சலாட்சி சொன்னாள். "ஒங்க ஏழும் சேர்த்துத்தான். மார்கழியில ஓட்டாம். வர்ற வியாழக்கெழமை சின்னம் எழுத ஆள் வருதாம். புதன்கெழமை லிஸ்ட் ஒட்டறாங்க."

"நீ சரின்னுட்டியா?"

"ஆறு வருசம் வேணி," என்றான் கோவிந்தராசு. குரல் உயரவில்லை. "ஆறு வருசமா கேட்டுல நிக்கிறேன். ஒரு நாளு அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாரு. சுவரு போனா இன்னொரு சுவரு. இவளக் கூட்டிக்கினு போயிட்டா எனக்கு இன்னொரு..." முடிக்காமல் தண்ணீரைக் குடித்தான்.

அவளால் சாப்பிட முடியவில்லை. அண்ணன் செய்தது தப்பு என்று நோட்டில் எழுதினாள். அதை அடித்துவிட்டு, தப்பா என்று எழுதினாள். அதையும் அடித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் மின்சார ஆபீசுக்குப் போனாள். கவுண்டரில் கூட்டம் இல்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சக்கரபாணி டிபன் பாக்சைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்திருந்தாள். சிரிக்கவில்லை. வெகுநேரம் ஊறுகாயையே கிண்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப நம்மளது ஏழுதானா?"

"ஏழுதான்ணா. நான் மொதல்ல எழுதனதுதான் சரி."

"நான் காலேஜிலெல்லாம் போயிச் சொன்னேன், ஏழத் தாண்டிடுச்சுன்னு. ஒரே வருசத்துல இப்படி வளந்துட்டோம்னு. யாரு போட்டதுன்னு தெரியாமலே சொன்னேன். தெரிஞ்சிக்கவும் ரொம்ப ஆசப்படல." மூடியைப் போட்டு அழுத்தினான். "இராமதாசு ஒன்னத்தான் சொல்லிக்கிட்டிருக்கான், தெரியுமா?"

"தெரியும்."

"நாம எதிர்த்து எழுதலாம். இது எந்தக் கட்சிக்கும் இல்லன்னு பதினொண்ணுலயும் எழுதலாம். ஒரே நாளு. ஒங்கண்ணனுக்கு லிஸ்ட் போச்சு."

"போச்சு."

"எழுதாம விட்டா பலகை போச்சு. அவங்க திருப்பித் தரமாட்டாங்க. இந்தத் தேர்தல் முடிஞ்சா அடுத்ததுக்குன்னு மூலையில எழுதிட்டுப் போவாங்க. நீ சொல்லு. நான் சொன்னா ஒங்கண்ணன் தலையில கைவச்ச மாதிரி ஆகும்."

வேணிக்குத் தன்னைக் கேட்டுவிட்டானே என்ற பயம்தான் இருந்தது. திரும்பும்போது மழை விட்டிருந்தது. குஞ்சம்மாள் ஈர அடுப்பை மூட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேணி உட்கார்ந்து ஊதுகுழலை வாங்கி ஊதினாள். பின்னால் சுவர் வெளுத்துக் கிடந்தது.

"இந்தச் சுவத்துல எங்களுக்கு முன்னால என்னா இருந்துதுக்கா?"

"என்னா இல்ல? பிரெஞ்சுக்காரன் இருக்கும்போது நோட்டீஸ் ஒட்டாதன்னு பிரெஞ்சுல எழுதி வச்சிருந்தான். மேரியிலருந்து ஆளு வந்து எழுதிட்டுப் போவான். ஊரு மொத்தத்துக்கும் அந்த மேரிதானே அப்ப முனிசிபாலிட்டி. அவன் எழுதறதே நோட்டீசு மாதிரிதான இருக்குதுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. அப்புறம் கொடி மாறுனப்ப ஜே போட்டு எழுதனாங்க. அப்புறம் சைக்கிள் பீடி. அப்புறம் கட்சிக்காரனுங்க, மாத்தி மாத்தி. ஒருத்தனும் கேட்டதில்ல. விடிஞ்சி எழுந்து பார்த்தா என் சுவத்துல எவன் மூஞ்சியோ இருக்கும். கேட்டு எழுதனது நீங்கதான். அதனாலதான் ஒம்மேல எனக்கு மொதல்ல சந்தேகமே வந்துது."

அடுப்பு பற்றிக்கொண்டது. வேணி ஊதுகுழலை வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்தபோதே அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் கிடைத்துவிட்டது. கிடைத்தது சரிதானா என்றுதான் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் சரிபார்க்காமல் ஒரு வரியும் பலகைக்குப் போகக் கூடாது என்பது வகுப்பின் விதி. பாடத்தை எழுதி முதலில் சக்கரபாணியிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு ஒரு வார்த்தையை மட்டும் மாற்றினான். 'கொடுக்கப்பட்டது' என்றிருந்ததை 'இரவல்' ஆக்கினான். பிறகு அண்ணனிடம் கொடுத்தாள்.

கோவிந்தராசு நின்றபடியே படித்தான். அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள்.

"ஒம் பேரு இல்ல," என்றாள் வேணி. "லிஸ்டப் பத்தியும் இல்ல. கேட்டாங்க, குடுக்கறோம். பொய் ஒண்ணும் இல்லியே."

"பொய் இல்ல. ஆனா அவரு யாருக்கும் தெரியாம நடக்கணும்னு நெனச்சாரு."

"தெரியாம குடுத்தா திரும்பி வராது. தெரிஞ்சி குடுத்தா ஊரு கேக்கும்."

"அவருக்குக் கோவம் வந்தா?"

"வரலாம்."

"வந்தா ஒனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

"ஆமா," என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. "நீ வேணாம்னா கிழிச்சிடறேன்."

அவன் காகிதத்தை மடித்தான். அஞ்சலாட்சிதான் பேசினாள். "எங்கப்பா சொன்னத நாலு பேரு முன்னால சொன்னாரு. அதனாலதான் இன்னிக்கும் நிக்குது. நாராயணசாமி சொன்னது டீக்கடை மூலையில. அது எத்தினி நாளைக்கு நிக்கும்? எழுதுங்க."

ஞாயிறு விடிந்ததும் புது விழுது பூசிய பதினொரு பலகையிலும் எழுதினார்கள். ஏழை வேணியும் சக்கரபாணியும். நான்கைக் கோவிந்தராசு, தன் கோழி கிளறிய எழுத்தில். இராமதாஸ் வரவில்லை.

எட்டு மணிக்குள் குஞ்சம்மாளின் சுவருக்கு முன்னால் கூட்டம். சங்கு ஊதி ஷிப்ட் விட்டவர்கள் தலையில் பஞ்சோடு நின்றார்கள். நாராயணசாமி சைக்கிளை நிறுத்தி இறங்கினார். கண் பலகையில் ஓடிய வேகத்திலேயே அவர் முகம் இறுகுவதை வேணி பார்த்தாள். சற்றுத் தள்ளி கோவிந்தராசு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"படிச்சிட்டியாப்பா?" என்றாள் குஞ்சம்மாள். "எனக்கு எழுத்துத் தெரியாது. என் சுவரு கதையாமே. சத்தமா படியேன்."

"இவங்க படிப்பாங்க..."

"நீதான் சங்கத்துல நல்லாப் படிப்பே. படி."

கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு படித்தார். மேரி ஆள் எழுதியது. கொடி மாறியது. சைக்கிள் பீடி வந்தபோது சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். கட்சிகள், வருஷங்கள். பிறகு: 'சித்திரை முதல் ஊர்ச் சரித்திர வகுப்பு. இப்போது சங்கத்தார் கேட்டிருப்பதால் தேர்தல் முடியும்வரை இரவல். போகிக்குள் வெள்ளையடித்துத் திருப்பித் தரப்படும். அதன் பிறகு இந்தச் சுவரில் அடுத்த பாடம்.' கடைசி வரிகளில் குரல் தானாக இறங்கியது.

"நல்ல காரியம்தானேப்பா," என்றாள் குஞ்சம்மாள். "கேட்டு வாங்கறது மனுசத்தனம். இத்தினி வருசத்துல எவனும் கேட்டதில்ல."

எதிர்க்கட்சிக்கு வேலை செய்யும் ஆதிமூலம் கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டான். "பதினோரு சுவரும் இரவலா? அப்ப மூலையில அடுத்த தேர்தலுக்குன்னு எழுதிட மாட்டீங்களே?"

"என்னாய்யா பேச்சு பேசற?" என்றார் நாராயணசாமி. "இரவல்னா இரவல்தான். போகிக்குள்ள குடுத்துடுவம்."

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா," என்றான் ஆதிமூலம்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் கோவிந்தராசுவின் பக்கத்தில் நின்றார். "ஒன் தங்கச்சி நல்லா எழுதுது," என்றார். "இந்த மாதிரி ஆளு சங்கத்துல இருக்கணும்." சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியாத முகம். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று திங்களும் செவ்வாயும் வீட்டில் மூன்று பேரும் மாறி மாறிப் பிரித்துப் பார்த்தார்கள். நல்லது என்று காலையில் தோன்றியது சாயங்காலம் மிரட்டலாகத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை கேட்டில் அவனைக் கூப்பிடவில்லை. அஞ்சலாட்சி தன் புடவைகளை எடுத்து மடித்து ஒரு பக்கமாக வைத்தாள். மறுபடி எடுத்துக் கொடியில் போட்டாள்.

புதன்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். கோவிந்தராசு வந்து வாசலில் நின்றான். சோற்றுத் தூக்கு கனமாகத்தான் இருந்தது, சாப்பிடவில்லை.

"இருக்குது," என்றான். "கடைசிக்கு முன்ன பேரு."

அஞ்சலாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள். "அவரு போட்டதா, ஆறு வருசம் நின்னதுக்குத் தானா வந்துதா?"

"அத்த எழுதி ஒட்டலியே."

அன்று மாலை வகுப்புக்குப் போனாள் வேணி. பாய் நிறைய இடம் இருந்தும் இராமதாஸ் எதிர் மூலையில் போய் உட்கார்ந்தான். "ஒங்கண்ணன் பர்மனென்டாமே," என்றான். "சந்தோசம்." அவள் ஆமாம் என்றாள். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை தெரியவில்லை. தெருவில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

சின்னம் எழுதுகிறவர்களே வெள்ளையடித்தால் பலகை முழுவதையும் அடித்துவிடுவார்கள், கடைசி இரண்டு வரி உள்பட. அதனால் நாமே முந்திக்கொண்டு அடித்துவிடலாம் என்ற யோசனை கோவிந்தராசுவுடையது. அந்த வரிகள் மழைக்கு நிற்க வேண்டுமென்றால் சாக்கட்டி ஆகாது என்பதையும் அவன்தான் சொன்னான்.

21.11.1979, புதன். அண்ணன் பேர் லிஸ்டில் வந்தது. 4ஆம் தேதி தப்பு என்று சொன்ன பழைய கணக்கு தப்பில்லை. ஏழுதான். நாளை: விடியுமுன் சுண்ணாம்பு கரைத்து வைக்க வேண்டும். பெயின்ட் ஆட்கள் வருவதற்குள் அண்ணனும் நானும் பதினோரு சுவருக்கும் வெள்ளையடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கீழ் மூலையில் ஒரு சாண் கறுப்பை விட்டு, இரவல், திருப்ப வேண்டிய நாள் போகி என்று சுண்ணாம்பிலேயே எழுத வேண்டும். குஞ்சம்மாக்கா சுவரில் முதலில்.